இரண்டாவது கீப்பரின் அம்மா

கால்பந்து எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு பேர் ஒரு பந்தைத் துரத்துவதைப் பார்க்க வெயிலில் போய் உட்கார வேண்டுமா என்று கேட்கிற ஆள் நான். அப்படிப்பட்டவள், போன வருடம் ஒரு சீசன் முழுக்க, இரண்டாம் பிரிவில் ஆடும் ஒரு கால்பந்து அணியின் பின்னால் தீவெங்கும் அலைந்தேன். என் மகன் அந்த அணியின் கீப்பர். சரியாகச் சொன்னால், இரண்டாவது கீப்பர்.

இரண்டாவது கீப்பருக்கு என்ன வேலை என்பது எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. முன்னால் ஓடுகிறவன் களைத்துப்போனால் இன்னொருவனை இறக்குவார்கள். நடுவில் ஆடுகிறவனுக்குக் கால் இழுத்துக்கொண்டால் இன்னொருவன் போவான். கீப்பரை யாரும் மாற்றுவதில்லை. அவன் விழுந்து எதையாவது உடைத்துக்கொண்டால்தான் அடுத்தவனுக்கு வழி. ஆக, இரண்டாவது கீப்பர் ஆட வேண்டுமென்றால் தன் கூட்டாளிக்குக் கெடுதல் நடக்க வேண்டும். என்ன பிழைப்பு இது என்று மகனிடம் கேட்டேன். "அப்படித்தான் மா," என்றான். அவனுக்கு எல்லாமே அப்படித்தான்.

ஆட்டத்துக்கு முன்னால் அவனுக்கு வேலை உண்டு. முதல் கீப்பரைக் கோலில் நிறுத்தி, பந்துகளை உதைத்து உதைத்து அவன் கையைச் சூடாக்க வேண்டும். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு மூலையைப் பார்த்து. நன்றாகச் சூடானதும் நடுவர் விசில் ஊதுவார். என் மகன் பந்துகளைப் பொறுக்கி வலைமூட்டையில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு, பச்சை பனியனை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்காருவான். சமைத்துக் கொடுத்துவிட்டுப் பந்தியில் உட்காராமல் திரும்புகிறவளைப் போல. போன வருடத்துக்கு முந்தைய சீசன் முழுக்க அப்படித்தான் கழிந்தது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அணி லிட்டில் இந்தியாவைச் சேர்ந்தது. சிராங்கூன் ரோட்டின் பக்கத்துச் சந்தில் மசாலா அரைத்து விற்கிற ஒருவர்தான் சட்டைக்கும் பந்துக்கும் செலவழிக்கிறார். சட்டையின் நெஞ்சில் அவர் கடை மிளகாய்த்தூளின் படம் இருக்கும். எதிரணிக்காரர்கள் அதைப் பார்த்து "காரம், காரம்" என்று கிண்டல் செய்வார்கள். வாரத்தில் இரண்டு சாயங்காலம் ஃபேரர் பார்க் திடலில் பயிற்சி. என் மகன் துவாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். அங்கேயிருந்து ரயில் பிடித்து வந்து, மண்ணில் விழுந்து புரண்டு, சுவா சூ காங்கில் வீட்டுக்குத் திரும்பும்போது சாப்பாடு ஆறிப்போயிருக்கும். ஞாயிறு ஷிஃப்ட் வந்தால் யார் காலிலாவது விழுந்து மாற்றிக்கொள்வான். எதற்கு? பெஞ்சில் உட்காருவதற்கு.

என் கணவருக்கு இது பொறுக்கவில்லை. அவர் பஸ் கேப்டன். இந்த ஊரில் பஸ் ஓட்டுகிறவரை அப்படித்தான் அழைக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு கேப்டன் ஏற்கெனவே இருக்கிறார், இன்னொருவர் தேவையில்லை என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அவர் சிரிக்க மாட்டார். சீசன் தொடங்கப்போகிற வாரம், சாப்பாட்டு மேசையில் வைத்துப் பேச்சை எடுத்தார்.

"இருபத்தாறு வயசாகுது. இலவு காத்த கிளி மாதிரி எத்தன வருஷம் உக்காந்திருப்ப?"

"இந்த ஒரு சீசன் ப்பா."

"போன தடவையும் இதத்தான் சொன்ன."

"இந்த சீசன்ல ஒரு மேட்ச்கூட ஆடலைன்னா விட்டுடறேன். சீரியஸ்லா."

"ஆடற அன்னைக்குச் சொல்லு, வந்து பாக்கறேன். பெஞ்ச பாக்க நான் வரமாட்டேன். பெஞ்சு எங்க பஸ் இண்டர்சேஞ்சுலயே இருக்கு."

பேச்சு அவ்வளவுதான். ஒரே ஒரு ஆட்டம் ஆட வேண்டும். ஆடினால் அப்பா வந்து பார்ப்பார். ஆடாவிட்டால் பந்தை விட்டுவிட வேண்டும். இதில் யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையே குடையையும் தண்ணீர்ப் புட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அப்பாவுக்காக ஆட வேண்டியவன், ஆடாவிட்டாலும் அம்மா இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன்.

பார்க்க வருகிறவர்கள் ஒரு மினிபஸ்ஸில் அடங்கிவிடுவார்கள். ஆட்டக்காரர்களின் மனைவிமார், காதலிகள், தினமும் அங்கேயே நடக்கிற ஓய்வுபெற்ற சில பெரியவர்கள். முதல் ஆட்டத்துக்கு நான் போனதே முதல் கீப்பரை வெறுப்பதற்காகத்தான். அவன் எப்படியும் கோச்சுக்கு வேண்டப்பட்டவனாக இருப்பான், அதனால்தான் என் பிள்ளையைக் கீழே உட்கார வைக்கிறார்கள் என்று முடிவு கட்டியிருந்தேன். அவன் ஒரு மலாய்க்காரப் பையன். ஆட்டத்துக்கு முன்னால் என் மகன் அவனை அழைத்து வந்தான். அவன் குனிந்து என் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு, "மக்சிக், சாப்பிட்டாச்சா?" என்று தமிழில் கேட்டான். மக்சிக் என்றால் அத்தை மாதிரி. வெறுக்கவும் விடமாட்டான்.

அதைவிட மோசம் என்னவென்றால், அவன் நன்றாக ஆடினான்.

எனக்கு ஆட்டம் புரியவில்லை, ஆனால் அது புரிந்தது. பந்து எங்கே வரப்போகிறது என்பது பந்துக்கே தெரியாதபோது அவனுக்குத் தெரிந்திருக்கும். வாரம் போக வாரம் போக எனக்கும் கொஞ்சம் விஷயம் பிடிபட்டது. மூலையிலிருந்து வருகிற பந்துக்கு எப்போது வெளியே வர வேண்டும், எப்போது கோட்டிலேயே நிற்க வேண்டும் என்றெல்லாம் பார்க்கப் பழகிவிட்டேன். பழகப் பழக வயிறு எரிந்தது. அநியாயம் நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தால் திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைப்பான். இங்கே அநியாயமே நடக்கவில்லை. அவன் என் மகனைவிட நல்ல கீப்பர். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இருந்தாலும் ஒருநாள் கோச்சைப் பிடித்துவிட்டேன். நான் வேலை பார்க்கிற பல் கிளினிக் லிட்டில் இந்தியாவில்தான் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு தேக்கா சந்தைக்குப் போனபோது, மீன் வாங்கிக்கொண்டு நின்றார். வாட்டசாட்டமான மனிதர், குரல் மட்டும் மென்மை.

"கோச், என் மகன எப்ப எறக்கப் போறீங்க?" என்று நேராகவே கேட்டேன்.

"சிஸ்டர், ஒங்க மகன் ரொம்ப நல்ல பையன்."

"அது எனக்குத் தெரியும். நான்தான் வளர்த்தேன்."

"டிரெயினிங் மிஸ் பண்ணமாட்டான். ஆட்டிட்யூட் நல்லாருக்கு. அவன் மாதிரி ஆள் டீம்ல இருக்கறது ரொம்ப முக்கியம்."

"பந்து மூட்டை தூக்கறதுக்கா?"

அவர் சிரித்தார். மீன்காரர்கூடச் சிரித்தார். நல்ல பையன் என்று ஒருவரைச் சொன்னால் என்ன அர்த்தம் என்று கல்யாணத் தரகர்களைக் கேளுங்கள், விளக்கமாகச் சொல்வார்கள். அன்றைக்கு வேலை முடிந்து போகிற வழியில் காளி கோயிலில் நுழைந்தேன். அந்த மலாய்ப் பையனுக்குப் பெரிதாக எதுவும் வேண்டாம் தாயே, ஒரு சின்னக் காய்ச்சல், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும், திங்கட்கிழமை எழுந்து வேலைக்குப் போய்விட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். இவ்வளவு நியாயமாக வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

காளி காய்ச்சலை அனுப்பவில்லை. ராணுவத்தை அனுப்பினாள். அந்தப் பையனுக்கு ரிசர்விஸ்ட் பயிற்சி வந்தது. இந்த ஊரில் ஆண்பிள்ளையாகப் பிறந்தவன் கட்டாய ராணுவச் சேவையை முடித்த பிறகும் வருடா வருடம் கூப்பிடும்போது போக வேண்டும். அந்த முறை ஆஸ்திரேலியாவில் பயிற்சி. நடுவில் வருகிற ஞாயிறு அவன் இங்கே இருக்கப்போவதில்லை. அணியில் கீப்பர் என்று மிச்சமிருப்பது ஒரே ஆள். அந்த ஞாயிற்று ஆட்டமும் எங்கள் சுவா சூ காங் மைதானத்தில். எல்லாம் கூடி வந்தது. கூடி வந்தால் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அன்று என் கணவருக்கு டியூட்டி. ஆட்டம் நாலு மணிக்கு. அவருடைய ஷிஃப்ட் முடிய நாலரைக்கு மேல் ஆகும்.

"செகண்ட் ஹாஃப் பாத்துடலாம்," என்றார். "இண்டர்சேஞ்சுலேர்ந்து நேரா வந்துடறேன்." சொல்லிவிட்டு, "சாப்டுட்டுப் போகச் சொல்லு அவன," என்று சேர்த்துக்கொண்டார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை.

மகனின் முகம் தெரிய வேண்டும் என்பதற்காகப் பார்வையாளர் கொட்டகையின் மறுகோடியில் போய் உட்கார்ந்தேன். முதன்முறையாக அவனை யாரோ ஒருவன் பந்து உதைத்துச் சூடாக்கினான். ஆட்டம் தொடங்கி வந்த முதல் பந்தே கையில் நிற்காமல் நழுவியது. பின்வரிசைக்காரன் ஒருவன் அதை வெளியே உதைத்துக் காப்பாற்றினான். அதற்குப் பிறகு அவன் நழுவவிடவில்லை. ஒரு மூலைப்பந்துக்குக் கூட்டத்துக்குள் புகுந்து இரண்டு கையாலும் பிடுங்கிக்கொண்டு வந்தான். பின்வரிசையைப் பார்த்துக் கத்தினான். வீட்டில் சோறு போதும் என்பதைக்கூடக் கையால் காட்டுகிற பிள்ளை. அவனுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

எங்கள் அணி ஒரு கோல் போட்டது. அதை நான் சரியாகப் பார்க்கவில்லை, அந்தப் பக்கம் எனக்கு வேலையில்லை. பிறகு எதிரணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அவர்களுடைய நெடிதுயர்ந்த ஆட்டக்காரன் பந்தைப் புள்ளியில் வைத்துவிட்டுப் பின்னால் நடந்தான். அவனை என் மகன் பெஞ்சிலிருந்து போன சீசனிலேயே பார்த்திருக்கிறான், எந்தப் பக்கம் அடிப்பான் என்று மனதில் வைத்திருக்கிறான். இதெல்லாம் அவன் பிறகு சொன்னது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், உதைத்த நொடியில் அவன் வலது பக்கம் பாய்ந்தான், பந்து மணிக்கட்டில் பட்டுத் தூணுக்கு வெளியே போனது என்பது மட்டும்தான். நான் எழுந்து நின்று கத்தினேன். குடை உருண்டு கீழ்ப்படிக்குப் போனது. "புடிச்சிட்டான்! புடிச்சிட்டான்லா!" என்று யார் என்றே தெரியாத ஒரு சீனக் கிழவரின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவரும் எழுந்து கைதட்டினார். என் வாழ்க்கையில் கல்யாணத்தன்று, பிரசவத்தன்று எல்லாம் சந்தோஷமாக இருந்திருக்கிறேன். ஆனால் அன்றெல்லாம் பயமும் கூடவே இருந்தது. அந்த நிமிஷத்தில் பயமே இல்லை. சுத்தமான சந்தோஷம்.

இடைவேளை முடிந்து மறுபடி தொடங்கினார்கள். ஒன்றுக்குச் சைபர். கொஞ்ச நேரத்தில் சைரன் ஊதியது.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம். இங்கே திறந்தவெளி மைதானங்களில் மின்னல் எச்சரிக்கைக் கருவி இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் மின்னல் அபாயம் என்றால் சைரன் ஊதும், ஆரஞ்சு விளக்கு சுழலும், எல்லோரும் கூரைக்குக் கீழே வந்துவிட வேண்டும். விளக்கு அணைகிறவரை யாரும் புல்லில் கால் வைக்கக் கூடாது. எங்கள் தலைக்கு மேலே வானம் பளிச்சென்று இருந்தது. தூரத்தில் கிராஞ்சிப் பக்கம் மட்டும் கறுப்பாக ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. ஆட்டக்காரர்கள் எல்லோரும் கொட்டகைக்குக் கீழே ஓடி வந்தார்கள். என் மகன் கடைசியாக, நடந்துதான் வந்தான்.

அந்த நேரத்தில்தான் என் கணவர் வந்து சேர்ந்தார். டியூட்டிச் சட்டையோடு, வேகமாக நடந்து வந்ததில் முதுகு நனைந்திருந்தது. காலி மைதானத்தைப் பார்த்தார்.

"எங்க?"

"எது எங்க?"

"ஆட்டம்."

நான் விளக்கைக் காட்டினேன். உட்கார்ந்தார். நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். பெனால்டியை இரண்டு முறை சொன்னேன். சீனக் கிழவரைக்கூடச் சாட்சிக்கு அழைத்தேன். அவரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். என் கணவர் தலையாட்டிக்கொண்டே புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு சுழன்றுகொண்டே இருந்தது. ஒரு சொட்டு மழை விழவில்லை. நடுவர் கைப்பேசியைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். ஆறு மணிக்கு மைதானத்தை அடுத்துப் பதிவு செய்தவர்களுக்கு விட்டாக வேண்டுமாம். கடைசியில் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு ஏதோ சொன்னார், எல்லோரும் பையைத் தூக்கத் தொடங்கினார்கள். மைதானத்தை விட்டு நாங்கள் வெளியே வந்தபோது விளக்கு அணைந்துவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

"பரவால்ல," என்றார் என் கணவர். "மிச்சத்த இன்னொரு நாள் வைப்பாங்கல்ல. அப்ப லீவ் போட்டு வரேன்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நாங்கள் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். மழை வந்து டெஸ்ட் மேட்ச் நின்றால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து, அதே ஆட்கள், அதே ரன்னோடு தொடங்குவார்கள். ஆட்டம் என்றால் அப்படித்தான். நடந்தது நடந்ததுதானே, அதை யார் அழிக்க முடியும்?

சீசனின் கடைசி ஆட்டமாக, ஜாலான் புசார் மைதானத்தில் அதை வைத்தார்கள். என் கணவர் ஞாயிற்றுக்கிழமைக்கு விடுப்பு எடுத்தார். பஸ் ஓட்டுகிறவர்களுக்கு அது எவ்வளவு சிரமம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மகன் இரண்டு நாளுக்கு முன்னால் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"மா, ப்பாவ லீவ் போட வேணாம்னு சொல்லுங்க. யாரு கீப்பர்னு கோச் இன்னும் சொல்லல."

"அதான் அன்னைக்கு நீதானேடா கீப்பர்?"

"அது வேற மா."

என்ன வேற என்று நான் கேட்கவில்லை. குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. அப்பாவோ விடுப்பு எடுத்தாயிற்று. வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கதவில் மாட்டியும் வைத்துவிட்டார்.

ஞாயிறன்று மைதானத்துக்குள் நுழைந்ததும் மலாய்ப் பையன் ஓடி வந்து என் கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டான். ஆஸ்திரேலிய வெயிலில் கறுத்திருந்தான். கையில் உறை மாட்டியிருந்தான். அவன் கோலுக்குத் திரும்பியதும் என் மகன் அவனுக்குப் பந்து உதைக்கத் தொடங்கினான். மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு மூலையைப் பார்த்து.

"ஏன் அவன் உதைக்கறான்?" என்று கேட்டார் என் கணவர். பிறகு பலகையைப் பார்த்தார். "சைபருக்குச் சைபர்னு போட்டிருக்கு? நம்ம ஒண்ணு அடிச்சிருந்தமே?"

படியில் இறங்கிக்கொண்டிருந்த கோச்சை நிறுத்தினேன்.

"ரீப்ளே சிஸ்டர். அன்னைக்கு மேட்ச் முடியலல்ல, அது கணக்குல வராது. முதல்லேர்ந்து ஆடணும்."

"அவன் பெனால்டி புடிச்சானே?"

"சூப்பரா புடிச்சான். ஆனா இன்னைக்கு ஜெயிச்சா நமக்கு மூணாவது எடம். ரிஸ்க் எடுக்க முடியாது சிஸ்டர். சாரி." அவர் குரல் அப்போதும் மென்மையாகத்தான் இருந்தது. கன்னத்தில் அறைகிறவனைக்கூட மன்னித்துவிடலாம், இப்படி மென்மையாகப் பேசுகிறவரை மன்னிக்க முடியாது என்று எனக்கு அன்று தோன்றியது.

என் கணவர் தேய்த்த சட்டையோடு, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, பெஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்க வரமாட்டேன் என்று அவர் சொன்ன அதே பெஞ்சு.

எங்கள் அணி நன்றாக ஆடியது. இரண்டாம் பாதியின் கடைசியில் மூன்று கோல் முன்னிலை. தோற்க வழியே இல்லை என்று ஆனதும் கோச் பெஞ்சுப் பக்கம் திரும்பி என் மகனைக் கைகாட்டிக் கூப்பிட்டார். இன்னும் சில நிமிடங்கள்தான் இருந்தன. அணிப் பையன்கள் புரிந்துகொண்டு கைதட்டினார்கள். கோலிலிருந்த மலாய்ப் பையன் வெளியே வரத் தயாராக உறையைக் கழற்றத் தொடங்கிவிட்டான். என் கணவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

என் மகன் எழுந்திருக்கவில்லை. கோச்சைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினான். கோச் மறுபடி கூப்பிட்டார். அவன் மறுபடி தலையை ஆட்டிவிட்டுக் குனிந்து ஷூ கயிற்றைப் பார்த்தான். கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினார்கள்.

என் கணவர் கையை உருவிக்கொண்டு எழுந்தார். "பாத்துக்க. குடுக்கறாங்க, இவன் வேணாங்கறான்." விசில் ஊதுகிறவரைகூட இருக்கவில்லை, படியிறங்கிப் போய்விட்டார்.

திரும்பும்போது ரயிலில் நானும் மகனும் மட்டும். எனக்குக் கோபம் தலைக்கேறி இருந்தது. பக்கத்தில் ஆட்கள் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் திட்டினேன். ஒரு வருடமாக வெயிலில் காய்ந்தது எதற்கு, அப்பா லீவ் போட்டு வந்தது எதற்கு, எழுந்து போய் நின்றிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

"மா," என்றான். "அன்னைக்கு நான் ஒரு மணி நேரம் ஆடினேன். கோல் விடல. இன்னைக்கு அஞ்சு நிமிஷம் போய் நின்னிருந்தா, இந்த சீசன்ல நான் ஆடினது அந்த அஞ்சு நிமிஷம்தான்னு ஆகிடும். பாவம்னு குடுத்த அஞ்சு நிமிஷம்."

"அப்பா பாத்திருப்பாருல்ல?"

"எதப் பாத்திருப்பாரு? பந்தே வந்திருக்காது மா."

புக்கிட் கோம்பாக் ஸ்டேஷன் வருவதற்குள் அவன் தூங்கிவிட்டான். தூங்குவதுபோல நடித்தானா என்று தெரியாது.

சொன்ன சொல்லைக் காப்பாற்றிப் பந்தை விட்டுவிட்டான். உறையை மலாய்ப் பையனிடமே கொடுத்துவிட்டான். ஞாயிறு ஷிஃப்ட் வந்தால் இப்போது மாற்றிக்கொள்வதில்லை.

அந்தத் தீபாவளிக்கு என் நாத்தனார் வீட்டில் எல்லோரும் கூடினோம். சாப்பிட்டு முடித்து, ஆண்கள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பந்து என்ன ஆச்சு என்று நாத்தனார் மகன் என் மகனைக் கேட்டான். பதில் சொன்னது என் கணவர்.

"வாய்ப்பு குடுத்தாங்கப்பா. நானே கண்ணால பாத்தேன். இவன்தான் பயந்துட்டு வேணாம்னான்."

பயந்துவிட்டான். அந்தச் சொல் எனக்கு நெஞ்சில் போய் இறங்கியது. "அவன் ஆடினான்," என்றேன். "ஒரு கோல் விடல. பெனால்டி புடிச்சான்."

"எந்த மேட்ச் அத்தை?" நாத்தனார் மகன் கைப்பேசியில் தட்டிப் பார்த்தான். "இவங்க டீம் மூணு சைபர் ஜெயிச்சதுதான் இருக்கு. வேற இல்லையே?"

"அது… மின்னல் வந்து நின்னுபோச்சு. கணக்குல சேக்கல."

"நடக்காத மேட்ச்ல பெனால்டி புடிச்சானா?" என்று நாத்தனார் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். "நானும் போனேன்," என்றார். "அன்னைக்கு ஆடினது சைரன் மட்டும்தான்."

"நான் பாத்தேன்," என்று கத்தினேன். "இந்தக் கண்ணால பாத்தேன். வலது பக்கம் பாய்ஞ்சு, மணிக்கட்டுல தட்டிவிட்டான்."

மகன் மூலையில் முறுக்குத் தட்டோடு உட்கார்ந்திருந்தான். அதுவரை அவன் நிமிரவே இல்லை.

"லெஃப்ட் மா," என்றான் மெதுவாக. "ஒங்களுக்குத்தான் அது ரைட்டு. எனக்கு லெஃப்ட்."

சொல்லும்போது அவனுடைய இடது கை தட்டை விட்டுக் கொஞ்சம் எழும்பி, மணிக்கட்டு வெளிப்பக்கமாக ஒருமுறை திரும்பியது. அவனுக்கே தெரிந்திருக்காது. சிரிப்பு நின்றுவிட்டது. என் கணவர் அந்தக் கையைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார். ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

பிறகு அவர் திரும்பி, டிவி சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.